பண்டமாரானிலிருந்து பத்திராதிபர் மேசை வரை

கிள்ளான் நகருக்கும் துறைமுகத்துக்கும் இடைப்பட்ட சமவெளியில், அவசரகாலத்தில் எழுந்த சீனப் புதுக்கிராமத்தையும், தோட்டங்களை விட்டுப் பெயர்ந்து வந்த தமிழ்க் குடும்பங்களையும், மலாய்க் கம்போங்குகளையும் ஒருசேர அணைத்துக்கொண்டு வளர்ந்த பண்டமாரானில், எஸ்.பி.எம். தேர்வை முடித்த ஒரு பெண் வீட்டுக் கூடத்தில் நின்று, "அம்மா, நான் பத்திரிகைத் துறை படிக்கப் போறேன்" என்று சொல்வாளானால், "அதைப் படிச்சா என்னா வேலைம்மா கிடைக்கும்?" என்பதே அந்தத் தாயின் முதற்கேள்வியாக இருக்கும். நியாயமான கேள்விதான். பால்மரக் காட்டிலும் துறைமுகக் கிடங்கிலும் தேய்ந்த கைகளைக் கண்டு வளர்ந்த தலைமுறைக்குக் கல்வி என்பது முதலில் ஜீவனோபாயம், மற்றவை பிறகு. ஆனால் வேலையைப் பற்றிப் பேசுமுன், அந்தப் பெண் எந்த மண்ணில் நின்றுகொண்டு இந்த ஆசையைச் சொல்கிறாள் என்பதைச் சற்றே நினைவுகூர வேண்டியிருக்கிறது. ஏனெனில் பத்திரிகை என்னும் தொழிலுக்கும் கிள்ளான் வட்டாரத்துக்கும் உள்ள சம்பந்தம் இன்று நேற்று ஏற்பட்டதன்று.

1941ஆம் ஆண்டில் கிள்ளான் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களைத் திரட்டிய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன், 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய ஒரு பத்திரிகையாளர். அத்தொழிலாளர் கேட்டவற்றை இன்று படித்தாலும் மனம் கனக்கிறது. சீனத் தொழிலாளருக்குக் கிடைக்கும் கூலி தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு உருப்படியான பள்ளி வேண்டும், பெண்களிடம் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும் என்றார்கள். தோட்டத் துரையும் கிராணியும் எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றார்கள். மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார், சிலாங்கூரில் அவசரநிலை பிரகடனமாயிற்று, துருப்புகள் வந்தன, தொழிலாளர் சிலர் துப்பாக்கிக்கு இரையாயினர். சைக்கிளை விட்டு இறங்குவது அநீதி என்பதை அந்தத் தோட்டத்தில் வாழ்ந்த ஒவ்வொருவனும் அறிந்திருந்தான். ஆனால் அதை ஒரு கோரிக்கையாக, எண்ணிட்டு, எழுத்தில், எதிராளி மறுக்க முடியாத தெளிவோடு முன்வைக்க எழுத்தறிந்த ஒருவர் தேவைப்பட்டார். பத்திரிகைக் கல்வியின் மூலப்பயிற்சி இதுவே என்று நான் கருதுகிறேன்.

அது பழங்கதை என்று தோன்றினால், பண்டமாரானுக்குள்ளேயே அண்மைக்காலத்து உதாரணம் ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டில், இங்குள்ள கம்போங் இடாமானில் நான்கு மாடி மாளிகை ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. கட்டியவர் சட்டமன்ற உறுப்பினர். அதோடு, கட்டட வரைபடங்களுக்கு அனுமதி வழங்கும் கிள்ளான் நகராண்மைக் கழகத்திலேயே உறுப்பினராகவும் இருந்தவர். அந்த மாளிகைக்கு அனுமதி பெற்ற வரைபடம் இல்லை என்ற செய்தி நாளேடுகளில் வெளியானதும் நாடே பண்டமாரானைத் திரும்பிப் பார்த்தது. அந்தச் சாலையில் நாள்தோறும் நடந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். கட்டடத்தைக் கண்ணால் காண்பது ஒன்று. அதன் வரைபடம் எங்கே பதிவாகியிருக்க வேண்டும், நிலம் யாருக்கென ஒதுக்கப்பட்டது, வீட்டு வரி செலுத்தப்பட்டதா என்று அலுவலகம் அலுவலகமாகச் சென்று கேட்பது வேறொன்று.

இங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள பூலாவ் இண்டா தீவில் அமைந்த போர்ட் கிள்ளான் தடையற்ற வணிக மண்டலத்தின் கதை இன்னும் பெரியது. 'தி சன்' ஏட்டின் ஆர். நடேஸ்வரனும் டெரன்ஸ் பெர்னாண்டஸும் அதைப் பற்றி விடாமல் எழுதினார்கள். அந்த விவகாரத்தின் நடுவே ஓர் எளிய கணக்கு இருந்தது: மண்டலத்துக்காக வாங்கப்பட்ட 999.5 ஏக்கர் நிலம், சதுர அடிக்கு 25 வெள்ளி வீதம். ஏக்கர் ஒன்றுக்கு 43,560 சதுர அடி என்று பெருக்கிப் பார்த்தால் 108 கோடி வெள்ளிக்கு மேல் வருகிறது. அதன்மேல் வட்டி வேறு. சதுப்பு நிலமாகக் கிடந்த கரையோரத்துக்கு இந்த விலை ஏன் என்ற கேள்வியிலிருந்தே மற்றெல்லாக் கேள்விகளும் கிளைத்தன. 2009ஆம் ஆண்டில் வெளியான தணிக்கை அறிக்கை, கடனும் வட்டியும் சேர்ந்து அத்திட்டத்தின் மொத்தப் பாரம் 1,200 கோடி வெள்ளியைத் தாண்டக்கூடும் என்று எச்சரித்தது. அதன் முதற்படியை விளங்கிக்கொள்ள ஆறாம் வகுப்புப் பிள்ளையின் பெருக்கல் போதும். ஆனால் அந்த இரண்டு எண்களைக் கண்டெடுத்து, ஒன்றையொன்று எதிரே நிறுத்தி, பொதுஜனங்கள் அறியும்படி அச்சேற்றும் வரை உறுதியோடு நிற்பது எளிய காரியமன்று.

முன்காலத்தில் இங்கே இத்தொழிலை எவரும் சர்வகலாசாலையில் கற்றதில்லை. பத்திரிகை அலுவலகமே பள்ளியாக இருந்தது. 1887இல் சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' வெளிவந்த காலத்திலும் சரி, 1924இல் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் 'தமிழ் நேசனை'த் தொடங்கியபோதும் சரி, 1935இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசை'த் தொடங்கியபோதும் சரி, அச்சுக் கோப்பவருக்கு அருகில் அமர்ந்து, பிழை திருத்தி, மூத்தவர் கிழித்தெறிந்த தாளை மறுபடி எழுதியே இளைஞர்கள் பத்திரிகையாளர் ஆனார்கள். இந்தப் பள்ளி அலுவலகச் சுவருக்குள் மட்டும் அடங்கவில்லை. 1950இல் 'தமிழ் நேசன்' தன் பக்கங்களிலேயே 'கதை வகுப்பு' ஒன்றை நடத்தியது, சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ஆசிரியர்களாக அமர, தோட்டத்துப் பள்ளி ஆசிரியரும் கடைச் சிப்பந்தியும் தபாலில் மாணவர்களானார்கள். அதன்பின் சில ஆண்டுகள் எழுத்தாளர் கு. அழகிரிசாமி தமிழகத்திலிருந்து வந்து அதே ஏட்டில் அமர்ந்து எழுதத் துடிப்பவர்களுக்கு வழிகாட்டினார். சாரங்கபாணி தம் ஏட்டில் 'மாணவர் மணிமன்றம்' என்ற பகுதியைத் திறந்து சிறுவர்களின் எழுத்துக்கு இடம் தந்தார். பின்னர் வந்த தலைமுறையில் ஆதி. குமணன் நடத்திய ஏடுகளும் பல இளைஞர்களுக்குக் குருகுலமாகவே விளங்கின. மலேசியத் தமிழ் இலக்கியத்தின் வரலாறு பெரும்பகுதி நாளேடுகளின் ஞாயிறு மலர்களில் கிடக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது. வேறு எந்த நாட்டுத் தமிழருக்கும் செய்தித்தாள் இவ்வளவு பெரிய ஆசிரியராக இருந்ததில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

அந்தக் குருகுலம் மெலிந்துவிட்டது. 'தமிழ் நேசன்' 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றுபோயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் 'உத்துசான் மலேசியா' போன்ற பெரிய மலாய் நாளேடும் சிறிது காலம் மூடிக்கிடந்து, பின்னரே மீண்டது. ஆட்கள் குறைந்த ஆசிரியர் குழுவில், புதிதாக வந்த பையனை அருகே அமர்த்தி மூன்றாண்டு பழக்க எந்த மூத்தவருக்கும் அவகாசம் இல்லை. பயிற்சி பெற்று வந்தவரையே அலுவலகம் எதிர்பார்க்கிறது. ஆகவே அந்தப் பயிற்சியின் சுமை பல்கலைக்கழகத்தின் தோளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பத்திரிகைத் தொழிலைப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கலாம் என்ற எண்ணம் அமெரிக்காவின் மிசூரியில் 1908இல் தனிக் கல்லூரியாக உருப்பெற்றது. இந்தியத் துணைக்கண்டத்தில் லாகூரின் பஞ்சாப் சர்வகலாசாலை 1941இலும், சென்னை சர்வகலாசாலை 1947இலும் அவ்வழியைப் பின்பற்றின. மலேசியாவில் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்தில் மக்கள் தொடர்பியல் பாடத்தை ஆரம்பித்தது. பின்னர் மற்றப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்துகொண்டன. இன்று மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் துறை இருக்கிறது. பாங்கியில் மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தில் பத்திரிகையியலையே சிறப்புப் பாடமாக எடுக்கலாம். சுபாங் ஜெயா, பண்டார் சன்வே பக்கத்துத் தனியார் கல்லூரிகளிலும் இப்பாடம் உண்டு. ஷா ஆலமிலுள்ள மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1972 முதல் இத்துறையில் பெயர் பெற்றதென்றாலும், அது பூமிபுத்திர மாணவர்களுக்கு உரியது. நம் பிள்ளைகள் எஸ்.டி.பி.எம். வழியாகவோ, மெட்ரிகுலேஷன் வழியாகவோ, டிப்ளோமா முடித்தோ பட்டப்படிப்பில் சேரலாம். செலவுக்கு பி.டி.பி.டி.என். கடன் உண்டு, கடன் என்பதால், பிறகு திருப்பிக் கட்டவேண்டிய தொகையை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்வது குடும்பத்துக்கு நல்லது.

மூன்று முதல் நான்கு ஆண்டு நீளும் இப்படிப்பில் என்னதான் கற்பிக்கிறார்கள்? செய்தி எழுதுதல், பேட்டி காணுதல், படம் எடுத்தல், ஒலி ஒளி தொகுத்தல் ஆகியவை கைவேலைகள். இவற்றைப் பழகப் பழக எவரும் தேறிவிடலாம். அவற்றினும் கனமானவை வேறு. ஒரு தகவலை ஒருவர் சொன்னால் அதை மற்றொரு மூலத்தில் எப்படி உறுதிசெய்வது, ஓர் அரசாங்க வரவுசெலவு அறிக்கையில் எந்தப் பத்தியை முதலில் பார்ப்பது, ஒரு கணக்கெடுப்பில் எத்தனை பேரைக் கேட்டார்கள், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று எப்படி விசாரிப்பது, துக்கத்தில் இருப்பவரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது — இவை புத்தகத்தில் நாலு வரி. வாழ்க்கையில் நாற்பது வருஷத்துப் பயிற்சி. இறுதியாண்டில் சில மாதங்கள் ஒரு நாளேட்டிலோ வானொலியிலோ தொலைக்காட்சியிலோ பயிற்சிப் பணியாளராக இருக்க வேண்டும். என் அபிப்பிராயத்தில் முழுப் படிப்பின் பயனும் அந்தச் சில மாதங்களில்தான் தெரியவரும். ஆகையால் அதைச் சம்பிரதாயமாகக் கழித்துவிடாமல், வேலை வாங்கும் இடமாகப் பார்த்துத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

சட்டப் பாடத்தைப் பல மாணவர் சலிப்போடு படிக்கிறார்கள். சலிப்புக்கு அங்கே இடமே இல்லை. 1948ஆம் ஆண்டின் தேச நிந்தனைச் சட்டம், 1972ஆம் ஆண்டின் அரசாங்க இரகசியச் சட்டம், 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் வெளியீடுகள் சட்டம், இவற்றோடு அவதூறு வழக்கு என்னும் அபாயமும் ஒவ்வொரு செய்தியாளன் மேசையிலும் இருக்கின்றன. ஒரு காலத்தில் நாளேடுகள் ஆண்டுதோறும் அனுமதியைப் புதுப்பித்தாக வேண்டியிருந்தது. 2012இல்தான் அந்த நிர்ப்பந்தம் நீங்கியது. பத்திரிகையாளர்களே சேர்ந்து தங்கள் ஒழுங்குக்குப் பொறுப்பேற்கும் ஊடக மன்றம் வேண்டுமென்று பல பத்தாண்டு காலம் கேட்டு, 2025இல்தான் அதற்கான சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. எந்த வாக்கியம் தன்னைக் காப்பாற்றும், எது தன்னைச் சிறைக்கோ கடனுக்கோ இட்டுச்செல்லும் என்பதை அறியாத தைரியம், தன்னோடு பத்திரிகையையும் சேர்த்தே மூழ்கடிக்கும்.

இனி, நம்மவர்க்கே உரிய சிரமம் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்நாட்டின் பல்கலைக்கழகங்களில் பத்திரிகைக் கல்வி மலாயிலும் ஆங்கிலத்திலும் நடக்கிறது. தமிழுக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. 1956இல் தோன்றி, தனிநாயகம் அடிகளார் தலைமையில் சிறப்புற்று, 1966இல் முதலாவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டிய பெருமைக்குரியது அது. ஆனால் அங்கே இலக்கியமும் மொழியியலும் பண்பாடும் கற்கலாமேயன்றி, நீதிமன்றச் செய்தி எழுதக் கற்பதில்லை. செய்தி கற்குமிடத்தில் தமிழ் இல்லை. தமிழ் கற்குமிடத்தில் செய்தி இல்லை. இரண்டுக்கும் நடுவேயுள்ள இடைவெளியை மாணவன் தன் சொந்த முயற்சியால் நிரப்ப வேண்டியிருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, இடைநிலைப்பள்ளியில் தமிழை ஒரு பாடமாகவேனும் விடாமல் எடுத்துவந்த பிள்ளைக்கே அது சாத்தியம். எஸ்.பி.எம்.மில் தமிழும் தமிழ் இலக்கியமும் எடுப்பது எதிர்காலத்துக்கு உதவாது என்று எண்ணும் பெற்றோர், குறைந்தபட்சம் இந்த ஒரு தொழிலுக்காவது தம் எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

தமிழ் நாளேட்டில் துணையாசிரியரின் இரவை நினைத்துப் பாருங்கள். பெர்னாமா செய்தி நிறுவனத்திலிருந்து மலாய்ச் செய்தி வருகிறது. அமைச்சின் அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது. நிருபர் தொலைபேசியில் அனுப்பிய குரல் தமிழில் இருக்கிறது. இம்மூன்றும் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் ஒரே மொழியில் இறங்க வேண்டும். 2024 பிப்ரவரியில் கிள்ளான், நகராண்மைக் கழகத்திலிருந்து அரச மாநகர் என்ற தகுதிக்கு உயர்ந்தபோது, மலாய்ப் பெயரை எழுத்துக்கெழுத்து தமிழில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று கருதியவர் துணையாசிரியரல்லர். 'மாநகர் ஆகிவிட்டதே, என் வீட்டு வரி ஏறுமா? கால்வாய் அடைத்தால் இனி யாரிடம் சொல்வது?' என்று பண்டமாரானில் ஒரு முதியவர் கேட்பார் என்பதை முன்கூட்டியே உணர்ந்து, அதற்கு விடை தேடி, அந்த விடையைத் தமிழில் அவருக்குப் புரியும்படி எழுதுகிறவரே அந்த நாற்காலிக்கு உரியவர். சட்டத்தின் மொழியையும் நிர்வாகத்தின் மொழியையும் மக்கள் மொழிக்குக் கொண்டுவரும் இந்த வேலை, மலேசியத் தமிழ்ப் பத்திரிகையாளரின் தனித்த வித்தை. இதற்குப் பாடநூல் இன்னும் எழுதப்படவில்லை. அலுவலகங்களின் பழக்கத்தில்தான் அது வாழ்கிறது.

மறுபடியும் தாயின் கேள்விக்கு வருவோம். போர்ட் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குச் செல்லும் கம்யூட்டர் ரயிலில் ஏறி அமர்ந்தால், விடையின் பெரும்பகுதி பாதையோரத்திலேயே தென்படும். அங்காசாபுரி நிலையத்தில் இறங்கினால் அரசாங்க ஒலிபரப்பு நிலையமான ஆர்.டி.எம்.; மின்னல் எஃப்.எம். வானொலியும் தொலைக்காட்சியின் தமிழ்ச் செய்தியும் அங்கிருந்துதான் வருகின்றன. செய்தி வாசிப்பவர் ஒருவர் கண்ணுக்குத் தெரிய, அவருக்குப் பின்னால் எழுதுபவர், மொழிபெயர்ப்பவர், தொகுப்பவர், தயாரிப்பாளர் என்று பலர் இருக்கிறார்கள். 1967இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த பெர்னாமா செய்தி நிறுவனத்தில் தமிழ்ப் பிரிவு இயங்குகிறது. 'மலேசிய நண்பன்', 'மக்கள் ஓசை', 'தமிழ் மலர்' ஆகிய தமிழ் நாளேடுகளும் இருக்கின்றன. ஆஸ்ட்ரோவின் தமிழ் அலைவரிசைகள், ராகா வானொலி, இணையத்தில் மட்டுமே வெளிவரும் தமிழ்ச் செய்தித் தளங்கள் என்று வரிசை நீளுகிறது. தமிழில் மட்டும் எழுத வேண்டும் என்ற கட்டாயமுமில்லை. 1999இல் தொடங்கிய 'மலேசியாகினி' உட்பட ஆங்கில, மலாய் ஊடகங்களில் பெயர் பதித்த தமிழர் பலர்.

பத்திரிகைக்கு வெளியேயும் இப்படிப்பின் கை நீள்கிறது. பெரிய நிறுவனங்களின் தொடர்புப் பிரிவு, அமைச்சர்களின் செய்தியாளர் செயலகம், மருத்துவமனைகளின் வெளியீட்டுப் பிரிவு, அரசுசாரா அமைப்புகள், பதிப்பகங்கள், ஆவணப்படத் தயாரிப்பு, நீதிமன்ற மொழிபெயர்ப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் தெளிவாக எழுதத் தெரிந்தவர் தேவை. இவற்றில் சில வேலைகளுக்குச் சம்பளம் நாளேட்டைவிட அதிகம் என்பதும் மெய்யே. தமிழ் நாளேட்டில் ஆரம்பச் சம்பளம் பெரிதாக இராது. வேலை நேரத்துக்குக் கட்டுப்பாடு கிடையாது. தீபாவளியன்றும் பத்துமலைத் தைப்பூசத்தன்றும் மற்றவர் கொண்டாடும்போது நிருபர் குறிப்பேட்டோடு நின்றுகொண்டிருப்பார். இதை மறைத்துப் பிள்ளையை அனுப்புவது துரோகம். ஆகையால் நான் அந்தத் தாயிடம் சொல்லக்கூடியது, 'உங்கள் மகள் வேலையில்லாமல் நிற்கமாட்டாள்; ஆனால் அவள் மிகவும் விரும்பும் வேலை அவளுக்கு மிகுந்த பணம் தராமலும் இருக்கலாம்; முதல் ஐந்து ஆண்டுகளில் வீட்டில் ஒருவர் கைதாங்க வேண்டியிருக்கும்' என்பதே.

மகளுக்குச் சொல்ல வேண்டியது வேறு. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தாயிற்றா என்று காத்திருக்கும் மாதங்களில் அவள் வீணே இருக்க வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானிலும் வெள்ளம் புகுந்தபோது, தன் தெருவில் எந்த வீடு வரை நீர் வந்தது, யார் முதலில் உதவிக்கு வந்தார்கள், இழப்பீடு கேட்டவர்களுக்கு எத்தனை நாளில் கிடைத்தது என்று பத்து வீட்டில் கேட்டு எழுதட்டும். ஒவ்வொரு வீட்டிலும் "அக்கா, நீங்க சொல்றதை நான் எழுதிக்கலாமா?" என்று அனுமதி கேட்டே பேனாவை எடுக்கட்டும். பத்துப் பேர் சொன்னதில் எங்கே முரண்பாடு இருக்கிறதோ, அந்த இடத்துக்கு மறுபடி போகட்டும். பிறகு அதே செய்தியை மலாயில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும். கால்வாய்ப் பராமரிப்புக்கும் வெள்ளத் தடுப்புக்கும் நிவாரண நிதிக்கும் நாம் நாள்தோறும் புழங்கும் சொற்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருப்பதால், மூன்றில் தமிழ்ப் பக்கமே அவளுக்கு அதிக நேரம் பிடிக்கும். அதை அவள் முதலில் எழுத வேண்டும்.